கன்ரீனில் நீ பாடிய சண்டை

இன்று காலை டென்மார்க்கில், இந்த ஒடென்சேயில் தண்டவாளத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டிராம் நின்றுவிட்டது. எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு இறங்கி நடந்தார்கள். நான் மட்டும் அந்தக் கருகிய இரும்பு மணத்தை இழுத்து இழுத்து மூச்சில் ஏற்றிக்கொண்டு நின்றேன். உன் வேலைச் சட்டையின் மணம் அது. நீ கண்ணை மூடிவிட்டாய் என்று உன் தங்கை கிரீன்லாந்தின் நூக்கிலிருந்து தொலைபேசியில் சொன்ன நாளில் எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கு வந்திருக்கிறது, கேள்.

மச்சான், நாம் கதைத்ததெல்லாம் உடைந்த டேனிஷ். நீ அதைக் கிரீன்லாந்து வாயால் உடைத்தாய், நான் மட்டக்களப்பு வாயால் உடைத்தேன். இங்கே தமிழில் எழுதுவதால் உன் பேச்சு கொஞ்சம் அழகாகத்தான் வரும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனாலும் கடிதம் எழுதுவதில் என்னை வெல்ல இந்த டேனிஷ் தீவில் ஆளில்லை.

கப்பலுக்கு இரும்புத் தகடு ஒட்டுகிற பட்டறை அது. வெல்டிங்கில் நீ முதல் ஆள். இரும்பு தேய்க்கிற கிறைண்டர் பிடிப்பதில் உலகத்திலேயே நான் முதல் ஆள். நீ கடல்நாய் வேட்டைக் குடும்பத்துப் பிள்ளை. அதன் கழுத்தை ஒரே இழுப்பில் எப்படி அறுப்பது என்று நீ சாப்பாட்டு நேரத்தில் கன்ரீனில் கத்தியால் காட்ட, பக்கத்து மேசைக்காரர் கையிலிருந்த பாண் துண்டை வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

அப்போது என் மனைவியும் மகளும் ஊரில். அங்கே யுத்தம்: ஒரு பக்கம் செல்லடி, மறுபக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு. அவர்களை இங்கே எடுப்பிக்க நான் கொடுத்த விண்ணப்பம் இங்கத்தைய நீதி அமைச்சில் தூங்கியது. எங்கள் தமிழ் ஆட்கள் எல்லாருடையதும் தூங்கியது. மேலே இருந்தவர்கள் வேண்டுமென்றே தூங்கவைத்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. அந்த விசாரணையில் ஒரு டேனிஷ் அரசாங்கமே விழுந்தது. அதை விழுத்தியதில் உனக்கும் எனக்கும் பங்குண்டு என்று நான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறேன். ஆனால் அன்று எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பொலிசில் பேர் பதிந்தால் குடும்பம் வராது.

அது எங்கள் பட்டறையில் கிரேன் ஓட்டிய டேனிஷ்காரனுக்கும் தெரியும். எட்டடி உயரம் இருப்பான். சரி, ஏழு. உன்னை "குடிகார எஸ்கிமோ" என்பான், என்னைப் பெயர் சொல்லியே கூப்பிட மாட்டான். ஒரு நாள் என் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டான்:

"என்ன, உன்ர பெண்சாதி இன்னும் சாகேல்லையோ? செத்தால் அமைச்சுக்கு ஒரு வேலை குறையும்."

இரும்புக் கம்பி என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அவன் மண்டையைப் பார்த்து வீசினேன். விழுந்தது உன் உள்ளங்கையில். தோல் பிளந்து இரத்தம் என் கண்ணில் தெறித்தது. நீ கம்பியை விடவில்லை.

"விடடா! அவன்ர மண்டையைப் பிளக்காமல் நான் சோறு தின்னமாட்டன்!"

"பிள. பிளந்துபோட்டு மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணு. பிறகு உன்ர மனுசியைக் கூப்பிடுறது ஆர், நானோ?"

நான் கம்பியை உன் கையிலேயே விட்டேன். நீ கிரேன்காரன் பக்கம் திரும்பினாய்.

"நாளைக்குக் கன்ரீனிலை சண்டை. நான் உன்னைப் பழிச்சுப் பாடுவன், நீ நிண்டு கேக்கவேணும். பிறகு நீ என்னைப் பாடு, நான் கேக்கிறன். கோவம் வந்தவன் தோத்தவன்."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வாறன், வாறன்."

உன் பாட்டன் காலத்தில் கொலைப்பழியைக்கூட இப்படி ஊர் நடுவே பாடித் தீர்த்தார்கள் என்று பஸ்சில் நீ சொன்னபோது, உனக்கு மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் பட்டறை முழுவதும் கன்ரீனில். நீ ஒரு பெயின்ற் வாளி மூடியைக் கட்டுப்போட்ட கையில் பிடித்து விளிம்பில் தட்டினாய். கிரேனில் ஏறினால் அவன் இராசா, வீட்டில் இறங்கினால் பெண்சாதியிடம் கதவுத் திறப்புக்குக் கெஞ்சுகிறவன் என்று பாடினாய். மேசைகள் அதிர்ந்தன. அவனும் சிரித்தான். பிறகு குரலை இறக்கினாய்:

"பெரிய நாடு, பெரிய கப்பல், பெரிய கிரேன். ஒரு மனுசியையும் ஒரு சின்னப் பெட்டைப்பிள்ளையையும் கண்டு பயம்!"

எங்கள் ஊர்க் கூத்தில் அதை நடத்துகிற அண்ணாவியார் அடி எடுத்தால் பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடவேண்டும். பழகிய வாய் சும்மா கிடக்குமா? நான் திருப்பிப் பாடிவிட்டேன். உங்கள் வழக்கில் அது சரியோ பிழையோ, நீ என்னைப் பார்த்துக் கண்ணை விரித்துவிட்டு மறுபடி அந்த அடியை எடுத்தாய். இந்த முறை வெல்டர்கள் பாடினார்கள். அடுத்த முறை கன்ரீனே பாடியது.

கிரேன்காரனின் சிரிப்பு நின்றது. அவன் குத்திய குத்தில் உன் மூக்கு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. நீ கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்குள் ஓடிய இரத்தத்தோடு பாடினாய். மறுபடி குத்தினான். பல்லைத் துப்பிவிட்டுப் பாடினாய். டேனிஷ்காரர்களே பாய்ந்து அவனை நிலத்தில் விழுத்தி மிதிக்கத் தொடங்கினார்கள்.

"அடியாதேங்கோ! அவன் தோத்திட்டான். தோத்தவனுக்கு அடிக்கிறேல்லை!"

நீ கத்திய அந்தச் சொல்லுக்கு அத்தனை சப்பாத்துக் காலும் நின்றது. அன்று நான் ஒரு தலைவனைக் கண்டேன். முதலில் கண்டவன் நான்தான், எழுதி வைத்துக்கொள்.

அந்த வருடமே உன்னைத் தொழிலாளர் பிரதிநிதியாக்கினார்கள். தொழிற்சங்க வழக்கறிஞரிடம் நீ முதலில் கொண்டுபோனது என் விண்ணப்பத்தை. பிறகு உன் ஊர் மீன் தொழிற்சாலைக்காரர் உன்னைக் கூப்பிட, வடக்கே கிரீன்லாந்துக்குப் போய்ச் சட்டசபைத் தேர்தலில் நின்று வென்றாய். அங்கேயிருந்து தொலைபேசியில் கத்தினாய்:

"மச்சான், இங்கயும் குத்துறாங்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு குத்துறாங்கள், அவ்வளவுதான்!"

என் குடும்பம் வந்து இறங்கிய நாளில் நீ ஏதோ கூட்டத்துக்காகக் கோப்பன்ஹேகனில் நின்றாய். வளைந்த மூக்கு, புதுப் பல்லு, கறுத்தக் கோட்டு. விமானநிலையக் கதவு திறந்தது. மனைவி என்னைக் கண்டும் அசையாமல் நின்றாள். கோட்டுப் போட்ட உன்னைக் கண்டு மகள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். நீ "ஐயோ!" என்று கத்தி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாய். காலைத் தடதடவென்று ஆட்டிக் காட்டினாய். மகள் சேலையை விலக்கிப் பார்த்தாள். தனக்கும் பயப்பட ஒரு மனிதன் உண்டா என்று ஓர் அடி எடுத்து வைத்தாள். நீ பின்வாங்கி ஓடினாய். அவள் துரத்தினாள். ஒரு நாட்டின் சட்டசபைக்காரன் பெட்டி வண்டில்களுக்கிடையில் அலறி ஓட, என் மனைவி நிலத்தில் குந்தியிருந்து சிரித்துச் சிரித்து அழுதாள்.

நீ என் கோபத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை, மச்சான். அது இன்னும் என்னிடம் அப்படியே இருக்கிறது. கையில் வைத்திருந்ததை வாய்க்கு மாற்றித் தந்துவிட்டாய், அதைத்தான் சுமக்கிறேன். மகள் சுமப்பது வேறு. கோட்டுப் போட்ட எவனைக் கண்டும் அவள் அன்றைக்குப் பிறகு பயந்ததில்லை.