வருணின் பள்ளிக்கூட வாசலில் கேட்டது

சிரஞ்சீவி சாய்பிரியாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே அப்பா, வருண், நான் மூன்று பேரும் உடம்பளவில் சௌக்கியம், அங்கே டப்ளினில் குளிரும் மழையும் உன்னைப் படுத்தாமல் இருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனை எடுத்தால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் எதிரில் இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. பருப்புப்பொடி பார்சலுக்குள் வைத்து அனுப்புகிறேன், எழுத்துக் கூட்டியாவது முழுசாகப் படித்துவிடு.

உன் தம்பி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். ஜாதவ்பூரில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம், சுவரெல்லாம் யானையும் ஒட்டகமும் வரைந்து வைத்திருக்கிறார்கள், உள்ளே கால் வைத்தால் பினாயிலும் மூத்திரமும் கலந்த நாற்றம். அத்தனை பிள்ளைகளின் மூக்குக்கும் ஒரே துண்டு, ஆயா மாஷி அதே துண்டால் சாப்பாட்டு மேஜையையும் துடைத்ததைப் பார்த்தேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது தினம் அவன் சட்டையில் கைக்குட்டையை ஊக்கு குத்தி அனுப்புகிறேன். அவனுக்கு ஒரு கவலையும் இல்லை, முதல் நாள் தண்ணீர் பாட்டிலைத் தரையில் இழுத்துக்கொண்டே உள்ளே போனவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். அந்தத் துண்டுதான் அங்கே இருக்கிற பெரிய அசிங்கம் என்று நினைத்தேன், வாசலில் அதைவிடப் பெரியது இருந்தது.

புதுப் பிள்ளைகளின் அம்மாக்கள் முதல் வாரம் வெளியிலேயே காத்திருக்க வேண்டும் என்றார்கள். இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியுமே, நடைபாதையில் பேப்பரை விரித்து, மண் குவளையில் டீயை வைத்துக்கொண்டு ஊர்க்கதை. எல்லாரும் என்னைவிட இருபது வயது சின்னவர்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மேக்னா என்கிற குழந்தையின் அம்மா சுப்ரியா, நல்ல பெண், என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். தீதி, உங்களை மாதிரி அம்மா யாருக்குக் கிடைப்பார்கள், பெண்ணின் குழந்தையைத் தன் குழந்தை என்று சொல்லி வளர்க்கப் பெரிய மனசு வேண்டும் என்று பெங்காலியில் சொல்லிக் கண் கலங்கினாள். எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் என் கையை இழுத்துக்கொண்டேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அவள் என்னைப் பாராட்டினாள், அதுதான் சகிக்கவில்லை.

யார் சொன்னது என்று கேட்டேன், நம் வசுமதிதான். நவராத்திரிக்கு நம் வீட்டுக்கு வந்து சுண்டல் வாங்கிக்கொண்டு போகிறாளே டாலிகஞ்ச் வசுமதி, அவளுடைய பேரனும் அங்கேதான் படிக்கிறான். எப்படிக் கோத்திருக்கிறாள் பார். உனக்கு மஞ்சள் காமாலை வந்து காலேஜுக்குப் போகாமல் வீட்டில் கிடந்தாய் இல்லையா, அந்த வருஷம்தான் வருண் பிறந்தான். நாற்பத்துமூன்று வயசில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாலு பேர் முன்னால் போக வெட்கப்பட்டு நான் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை, அதனால் என்னை யாரும் பார்க்கவில்லை. பிறகு நீ வெளிநாடு போய்விட்டாய். இவ்வளவு போதும் அவளுக்கு. நீ மோரும் கஞ்சியுமாக எலும்பாய்க் கிடந்தபோது விசாரிக்க வந்து ஆரஞ்சுப் பழம் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். அந்தப் பழத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு ஓங்கரிக்கிறது.

அப்பாவிடம் சொன்னேன், கொதித்து எழுவார் என்று நினைத்தேன். விடு, அடுத்த வருஷம் வேற ஸ்கூல்ல போட்டுடலாம் என்றார். அதோடு நின்றிருந்தால் சரி. பிள்ளையை அழைத்துப் போகிறவர்களின் போட்டோவை ஒட்டி ஓர் அட்டை தருகிறார்கள், அட்டை இல்லாமல் யாரிடமும் பிள்ளையை விடமாட்டார்கள். பூஜை லீவுக்கு வருகிறாயே என்று உன் போட்டோவை எடுத்து வைத்திருந்தேன். அப்பா அதை எடுத்துவிட்டு மாடி வீட்டு அமலாவின் போட்டோவை வைத்துவிட்டார். அவ வந்து வாசல்ல நின்னா எல்லாரும் இன்னும் பேசுவா, இந்த வருஷம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன் என்றார். டிக்கெட் விலை ஏறிவிட்டது, பிறகு வா என்று அவர் உன்னிடம் சொன்னாரே, அதற்குக் காரணம் இதுதான். நீ வாடிப்போய் போனை வைத்தது எனக்குத் தெரியும். வசுமதி ஊரார், அவள் வாய் அப்படி. பெற்றவரே பெண்ணை ஒளித்து வைக்கப் பார்த்தால் எப்படி? அன்றைக்கு அவர் தட்டில் சாதம் போடவே எனக்குக் கை கூசியது.

மறுநாள் வசுமதி பேரனைக் கொண்டு வந்து விட்டாள். அவளை எல்லாருக்கும் நடுவில் நிற்க வைத்து, வருணைப் பெத்தது நான்தான், தையல் போட்ட தழும்பு இருக்கு, பாக்கறேளா என்று தமிழில் கேட்டேன், பிறகு மற்றவர்களுக்காகப் பெங்காலியிலும் கேட்டேன். நான் என்ன சொன்னேன், எல்லாரும் பேசிண்டதைத்தானே சொன்னேன் என்று வசுமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுப்ரியா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேரே உள்ளே போய் அட்டையில் அமலாவை எடுக்கச் சொல்லிவிட்டு உன் போட்டோவைக் கொடுத்தேன். அப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது, அவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, பேசாமலே இருக்கட்டும்.

நீ உடனே டிக்கெட் போடு. வந்ததும் ஒரு நாள் நீ தனியாகப் போய் அவனை அழைத்துக்கொண்டு வா, நான் கூட வரமாட்டேன். அந்த நடைபாதையில் யாராவது, இவன் உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான் என்று இழுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே, ஆமாம் என்று சொல். அவன் உன் ஜாடைதான், நீங்கள் இரண்டு பேரும் என் ஜாடை.

வெளியில் கண்டதையும் சாப்பிட்டு மறுபடி காமாலையை இழுத்துக்கொள்ளாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. தீர்க்காயுசாக, தலை நிமிர்ந்து இருக்க ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையும் வருணையும் பெற்ற
நாகலக்ஷ்மி