இருநூற்று நான்கு சென்ரிமீற்றர்

2.4 மீற்றரை 204 சென்ரிமீற்றர் என்று நீ கடையில் சொன்னது தவறியா, வேண்டுமென்றேயா? எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்று உன் வீட்டு முன்னறையில் அளவு நாடாவோடு நின்றபோது அந்தக் கேள்வி திரும்பவும் வந்தது. கண்ணாடிக் கதவுக்கு நீ போட்ட திரைச்சீலை உப்புக்காற்றில் இற்றுப்போய்விட்டது. புதிது தைக்க வேண்டும், வந்து அளந்து தாருங்கள் என்று உன் கணவர் கூப்பிட்டிருந்தார். கம்பியிலிருந்து தரைவரை 2.4 மீற்றர். பழைய சீலை இன்னும் தரைக்கு 36 சென்ரிமீற்றர் மேலேயே நிற்கிறது.

அதை முதலில் மாட்டிய அன்றும் நான் அங்கே இருந்தேன். வெள்ளவத்தையில் பாதிப் பிள்ளைகள் உன்னிடம்தான் கணக்குப் படித்தார்கள். "புள்ளிக்குப் பிறகு ரெண்டு இலக்கம் எழுதாமல் சென்ரிமீற்றர் எண்டு வாய் திறக்கக் கூடாது" என்று அவர்களை அதட்டுவாய். 2.4 என்றால் 2.40, அதாவது 240. அந்த நாலை நீயே நாலு சென்ரிமீற்றர் ஆக்கிவிட்டிருந்தாய்.

"ரீச்சர் கதவுக்கு அரைக் காற்சட்டை தைப்பிச்சிருக்கிறா!" என்று உன் கணவர் சிரித்தார்.

"பத்தாம் வகுப்புப் பெடியன் விடுற பிழையடி இது" என்று நானும் சொன்னேன்.

"ஓமடி. வெட்டின துணியை வளர்க்கவே ஏலும்? கிடக்கட்டும்."

கடலோர மரீன் டிரைவ் வீதியில் போகிறவர்கள் உள்ளே பார்ப்பார்கள் என்று உன் கணவர் அந்தச் சீலையை ஒருபோதும் விலக்க விடுவதில்லை. விபத்துக்குப் பிறகு எழுந்து உட்கார முடியாத உன் தம்பி, அந்தக் கண்ணாடிக் கதவோரம் தாழ்ந்த கட்டிலில் படுத்திருந்தான். சீலைக்குக் கீழே விட்டுப்போன இடைவெளி சரியாக அவன் தலையணை மட்டத்தில் இருந்தது. அதனூடாக ரெயில் போவதும், அதற்கப்பால் கடலும் அவனுக்குத் தெரிந்தன.

நான் எதையும் இலகுவில் நம்புகிறவளில்லை. களைப்பில் மாற்றிச் சொல்லியிருப்பாய், பிறகு அவனுக்கு உதவுகிறதென்று விட்டிருப்பாய் என்றுதான் நினைத்துக்கொண்டேன். ஒருநாள் நேரே கேட்டேன். "தேத்தண்ணி ஆறப்போகுது, குடி" என்றாய். அதற்குமேல் நான் கேட்கவில்லை. நீயே இல்லாதபோது இனிக் கேட்கவும் முடியாது.

இன்று நாடாவைச் சுருட்டும்போது உன் தம்பி கட்டிலிலிருந்து கேட்டான்: "இந்த முறை முழுசா மூடிவிடுவினம், என்னக்கா?"

அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஆனாலும் காகிதத் துண்டில் 2.4 என்றுதான் எழுதினேன். அளந்ததை மாற்றி எழுத எனக்கு வராது. அது உனக்குத் தெரியும்.

இனி வருவதை மறுநாள் எழுதுகிறேன். உன் கணவரும் நானும் பம்பலப்பிட்டிக் கடைக்குப் போனோம்.

"உயரம் சென்ரிமீற்றர்ல எவ்வளவு, மேடம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

நான் துண்டை நீட்டினேன். நான் வாய் திறக்குமுன் உன் கணவர் சொன்னார்: "இருநூற்றி நாலு."

"சேர், இதில ரெண்டு தசம் நாலு போட்டிருக்கே. அப்ப இருநூற்றி நாப்பதுதானே?"

"இல்லை, இருநூற்றி நாலு. எங்கட வீட்டிலை கணக்கு அப்பிடித்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. துணிச் சுருளின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். கடைக்காரர்தான் என்னைப் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "அப்பிடியே வெட்டுங்கோ."