நம் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள்

திட்டித் திட்டியே என்னைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட அத்தைக்கு,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. தண்டவாளத்தை ஒட்டிய இந்தப் புறம்போக்கில் சிமெண்டுத் தரை போட்டது இன்றும் நம் வீடு மட்டும்தான். பகலெல்லாம் அக்கம்பக்கத்துப் பெண்கள் இங்கேதான் பீடி சுற்றுகிறார்கள். எனக்குக் காலை நீட்ட இடமில்லை என்று உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்?

நீங்கள் ஆரம்பித்த இன்னொரு வழக்கத்தையும் நான் விடவில்லை. யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தாலும், பீடித்தட்டுகளைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அவர்களை இங்கே உட்காரவைப்பது. அன்றைக்கு இது பெண்ணின் வீடு. நான் காப்பி கலக்கும் பக்கத்து வீட்டுக்காரி.

போன திங்கட்கிழமை எதிர்க் குடிசை செல்வியைப் பார்க்கக் கடையநல்லூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை விசைத்தறி ஓட்டுகிறவர், கையில் டிரான்சிஸ்டர் வேறு. அவருடைய சித்தி நம் கீறல் விழுந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்கு நான் வந்திருக்கேனே. எங்க கொழுந்தன் மவனுக்குப் போன வருசம் இங்கனதான் பொண்ணு பாத்தோம். அது வேற பிள்ளையில்லா?"

செல்வியின் அம்மா என்னைப் பார்த்தாள். நீங்களாயிருந்தால் அக்கா மகள், தங்கை மகள் என்று சமாளித்திருப்பீர்கள். எனக்கு உண்மைதான் வாயில் வந்தது.

"வீடு என் வீடு. பிள்ளைக்கு எதுத்த குடிசை. அங்கன உக்கார வைக்க எடமில்லன்னுதான் இங்கன கூட்டியாந்தோம்."

சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப எங்கள என்னன்னு நெனச்சிய?"

எழுந்து போய்விட்டார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் நின்று அந்தக் குடிசையை ஒருமுறை பார்த்தார். அதற்கு என்ன அர்த்தம், அத்தை?

ஒரு வாரமாகத் தகவல் இல்லை. செல்வி பீடி சுற்றவும் வரவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது. உங்கள் மேல் கோபமாக வருகிறது. நாலு பெண்களைக் கரையேற்றியது இந்தப் பொய்தான் என்பதும் தெரிகிறது. நான் யாரைக் குற்றம் சொல்ல?

நேற்று செல்வி வீட்டுக்கே போனேன். "நீங்க சொன்னதுக்கு வருத்தமில்ல மதினி," என்றாள். "அத நாந்தான் சொல்லியிருக்கணும்."

இத்தனை வருடத்தில் இந்தப் பொய்க்குச் சம்மதமா என்று எந்தப் பெண்ணிடமும் நாம் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாளைக்கு முதல் பஸ்ஸில் கடையநல்லூர் போகிறேன். பொய் சொன்னது நாங்கள், அந்தப் பிள்ளை இல்லை என்று அந்தச் சித்தியிடம் சொல்லப் போகிறேன். என்ன பதில் வந்தாலும் சரி, இனி பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முதலில் குடிசை, பிறகுதான் காப்பி. இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மகனைக் கட்டி, உங்களோடு குடித்தனம் நடத்திய மருமகள்,
பொன்னுத்தாய்