ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொன்னேன்

வியாழக்கிழமை

அன்புள்ள மூக்கிக்கு,

சோடாபுட்டி எழுதுவது. உன் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நீ பதினோரு முறை கூப்பிட்டாய். பதினோரு முறையும் போன் என் கையில்தான் இருந்தது. எடுத்தால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். ஜெராக்ஸ் கடையில் வேலை செய்துகொண்டே இரண்டையும் செய்ய முடியாது. செய்தியாக அனுப்பலாம் என்று தட்டித் தட்டி மூன்று முறை அழித்தேன். அதனால்தான் காகிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

அம்மா இப்போது பரவாயில்லை. பக்கத்தில் டயாலிசிஸ் மெஷினில் இருக்கிறாள். அந்த "இப்போது"க்குப் பின்னால் ஒரு வாரக் கதை இருக்கிறது.

கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து ஒன்றே முக்கால் வருடம் ஆகிறது. எத்தனை விண்ணப்பம் போட்டேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பதில் போடுகிறவர்கள் முதலில் கேட்பது எனக்கு என்ன தெரியும் என்று அல்ல, நான் எங்கே இருக்கிறேன் என்று. ஊர் பேரைக் கேட்டு ஒரு அம்மா, "அது எங்க இருக்கு?" என்றார். பஸ்ஸில் பதினாலு மணி நேரம் என்றேன். "சரிம்மா, சொல்றோம்" என்றார். இன்னும் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே வேலை என்று போட்டிருந்த இன்னொரு இடத்தில், வாரம் மூன்று நாள் ஆபீசுக்கு வர வேண்டுமாம். மிச்ச நாலு நாள் வீட்டில் இருக்கலாமாம். அதில் இரண்டு சனி, ஞாயிறு.

உன் ஆபீசில் நீ சொல்லித்தான் எனக்கு அந்த இன்டர்வியூ கிடைத்தது. அது எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியாது. போன வாரம் செவ்வாய்க்கிழமை, அம்மாவின் டயாலிசிஸ் நாள். வழக்கமாக மாலையில்தான் அவள் முறை. ஒரு மெஷின் பழுதாகி அவளைக் காலைக்கு மாற்றிவிட்டார்கள். இன்டர்வியூவும் அதே நேரம். வார்டை ஒட்டி, படுக்கை விரிப்புகளை அடுக்கி வைக்கும் சின்ன அறை ஒன்று இருக்கிறது. அங்கேதான் நெட் ஒழுங்காக வரும். ஹெட் நர்ஸ் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார். என் பின்னால் வெள்ளை விரிப்புகள் சுவர் மாதிரித் தெரிந்ததால், வீடு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

வார்டுக்காக நான் எழுதிய புரோகிராமைத்தான் காட்டினேன். யாருக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று ஹெட் நர்ஸ் நோட்டில் அடித்துத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாரே, அந்த வேலையை அது செய்யும். ஒரு மெஷின் நின்றுபோனால் யாரை எங்கே மாற்றலாம் என்று தானே பார்த்து, அவரவர் போனுக்குச் செய்தி அனுப்பும். அம்மாவைக் காலைக்கு மாற்றி என் இன்டர்வியூவுக்கு வேட்டு வைத்ததும் அதேதான். கேள்வி கேட்டவர் அரை மணி நேரம் என்று ஆரம்பித்து ஒன்றே கால் மணி நேரம் பேசினார். "இத நீங்க ஒருத்தரேவா எழுதினீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். மூக்கி, அந்தக் கொஞ்ச நேரம் நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

கடைசியில், இங்கே வந்து சேர முடியுமா என்று கேட்டார். "ஒரு மாசத்துல வந்துடுவேன் சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இந்த மெஷினில் இடம் கிடைக்கும்வரை பதினாலு மாதம் வெளியூருக்கு அலைந்தோம். உன் நகரத்தில் வரிசை இதைவிட நீளம் என்று நீதான் விசாரித்துச் சொன்னாய். இங்கே விட்டுவிட்டு வரலாம் என்றால் அம்மாவுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. அப்படி இருக்கும்போது, ஒரு மாதத்தில் எது மாறிவிடும் என்று நினைத்து அப்படிச் சொன்னேன்? நான் அதை நினைக்கவில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்டர்வியூவுக்கு அடுத்து வந்த வியாழக்கிழமை அம்மா டயாலிசிஸுக்குக் கிளம்பவில்லை. "இன்னிக்கி ஒரு நாள் விடேன், உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஊசி குத்திக் குத்தி அலுத்துப்போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். சனிக்கிழமையும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். சாயங்காலம் முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டி பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் என்னைத்தான் திட்டினார். மெஷினில் போட்டு மூச்சு சீரான பிறகும், செவ்வாய்க்கிழமை வரமாட்டேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை உன் ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினார். தன்மையாகத்தான் பேசினார். "உங்க வேலை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா உங்களால இப்ப வர முடியாதுன்னு புரியுது. அம்மாவப் பாத்துக்குங்க" என்றார். நான் அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த ஆபீசில் என் அம்மாவைத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

உன்னை என்னவெல்லாம் திட்டினேன் என்று எழுத மாட்டேன். உன் மூக்கையும் விட்டுவைக்கவில்லை.

வேலை இல்லையாம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். "நிஜமாவா?" என்றாள். இரண்டு முறை கேட்டாள். வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் எழுந்தபோது, தலை சீவி, ஸ்வெட்டர் போட்டு, செருப்பும் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முறை மாலையில்தான் என்றாலும், "நேரமாச்சு, கெளம்பு" என்றாள்.

அன்றைக்கு ஹெட் நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டார். சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம், மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். இன்டர்வியூ அன்று அம்மாவின் கட்டில் அந்த அறைக் கதவை ஒட்டி இருந்திருக்கிறது. நான் பேசிய அத்தனையிலும் அவளுக்குப் புரிந்தது அந்த ஒரு வரிதான். சனிக்கிழமை மூச்சு வந்ததும் அவரிடம் சொல்லியிருக்கிறாள்: "அவ ஒரு மாசம்னு வாக்கு குடுத்துட்டா சிஸ்டர். நான் இருந்தா அவ எப்படிப் போவா?"

நீ உண்மையைச் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு அந்த வேலை கிடைத்திருக்கும். அம்மா செவ்வாய்க்கிழமை எழுந்து செருப்பு மாட்டியிருக்க மாட்டாள். உன்மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டும் அப்படியே கிடக்கட்டும்.

நேற்று மத்தியானம் அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்து இன்னும் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். யாராவது கூப்பிட்டால் எங்கே போய் உட்கார்ந்து பேசுவது என்று தெரியவில்லை.

எனக்கு ஒரு உதவி செய். எதனால் வேலை தரவில்லை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். டெஸ்டில் கோட்டை விட்டுவிட்டேன் என்றேன். நம்பவில்லை. "மூக்கி பொய் சொல்ல மாட்டா, அவளக் கேக்கறேன்" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடுவாள். கேட்ட எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, திருதிருவென்று முழித்தேன் என்று சொல். ஊர் தூரம் என்பதால் இல்லை, யாரையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால் இல்லை, எனக்கு வேலை இன்னும் சரியாக வரவில்லை, அவ்வளவுதான் என்று சொல். இன்னும் ரெண்டு மூணு வருஷமாவது படிக்க வேண்டும், அதுவரை எங்கே போனாலும் எடுக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல். சிரித்துக்கொண்டே சொல், அப்போதுதான் நம்புவாள். உனக்குப் பொய் வராது என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை எப்படியாவது வரவழைத்துக்கொள், உனக்குப் புண்ணியமாகப் போகும்.

உன்,
சோடாபுட்டி