பல்லைக் கல் என்று கேட்ட சனிக்கிழமை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குளிருக்குக் கனமாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கப் போகிறார், ஆனால் வழியில் யாரையாவது பிடித்துவைத்துப் பேசிக்கொண்டு நின்றுவிடுகிறார், அதை நடை என்று சொல்வதற்கில்லை. மாடி அறையின் உடைந்த சன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று.

நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நான் நடத்துகிற உரையாடலைப் பற்றித்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். முன்பு அதை நடத்திய பேராசிரியர் கேள்வியையே கால்மணி நேரம் கேட்பார், வந்த விருந்தாளி தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவருக்கு அடுத்தவரைப் பேசவிடத் தெரியும் என்று சொல்லி நூலகர் அம்மாள் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். பழைய ஓவியங்களைச் சீர்செய்கிறவர், எறும்புகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், நிலப்படங்களின் வரலாறு எழுதியவர் என்று ஏழு பேரோடு பேசிவிட்டேன். எறும்புக்காரர் வந்துபோனதிலிருந்து அப்பா சமையல் மேடையில் எறும்பைத் தள்ளுவதற்கு முன் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறார்.

ஆனால் உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஒரு வருஷமாகவே எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. புத்தகத்தை வரி விடாமல் படித்துவிட்டுப் போவேன், உதட்டைப் பார்ப்பேன், கூட்டம் சிரித்தால் நானும் சிரிப்பேன், அப்படியே சமாளித்துவந்தேன். காதாலேயே சம்பளம் வாங்கியவள் காது போச்சு என்று யாரிடம் சொல்வது, வெட்கமாக இருந்தது.

போன மாதம் தொல்லியல் ஆய்வாளர் ஒருவர் வந்தார். பழைய புதைகுழிகளைத் தோண்டி, அதில் கிடைக்கிற எலும்புகளை வைத்து அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்கிறவர். தாடி வைத்த மனிதர், உதடே தெரியவில்லை. பல்லை அறுத்துப் பார்த்து நிறைய விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்று அவர் பத்து நிமிஷம் விளக்கியிருக்கிறார், என் காதில் விழுந்ததெல்லாம் கல். அவர் சொல்லி நிறுத்தியதும் நான் ரொம்பத் தெளிவாக, அந்தக் கல்லை எந்த மலையிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று கேட்டேன். அரங்கமே சிரித்தது. பேராசிரியர் முன்வரிசையில்தான் இருந்தார், அவர் முகத்தில் ஒரு திருப்தி. மூன்றாம் வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நூலகர் அம்மாள் எழுந்து வந்து, முடியலைன்னா மீதியைப் பேராசிரியரிடம் விட்டுவிடலாமா என்று என் தோளருகே மெதுவாகக் கேட்டார். அதுவும் பாதிதான் கேட்டது, ஆனால் புரிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லையடி, கோபம்தான் வந்தது, அதுவும் என்மேல். மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "ஐயா, எனக்குக் காது மந்தம். நீங்க பல்லுன்னு சொன்னது எனக்குக் கல்லுன்னு கேட்டுச்சு. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க." எக்ஸ்சேஞ்சில் எண்ணைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்போமே, அதே பழக்கம்தான்.

அவர் நாற்காலியைத் திருப்பினார். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார், ஒவ்வொன்றையும் நான் என் பேச்சில் திருப்பிச் சொன்னேன், தப்பானால் திருத்தினார். எலும்பு வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்குமாம், பல்லின் மேல்பூச்சு ஒருமுறை உருவானால் மாறாதாம், அதனால் சின்ன வயதில் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தோம் என்ற அடையாளம் அதிலேயே தங்கிவிடுமாம். ஒரு குழியில் கிடைத்த பெண்ணின் பல்லைப் பார்த்து, இவள் வெகுதூரத்தில் வளர்ந்து இங்கே வந்தவள் என்று கண்டுபிடித்தார்களாம். ஏன் வந்தாள் என்று கேட்டேன். "அது பல்லுக்குத் தெரியாதும்மா, அவளைத்தான் கேக்கணும்" என்றார். அரங்கம் மறுபடி சிரித்தது, இந்த முறை நானும் காதால் கேட்டே சிரித்தேன். முடிந்ததும், ஆரம்பத்திலிருந்து ஒரு கூட்டம் விடாமல் வருகிற தையல்கடைக்காரர் என்னிடம் வந்து, இன்னிக்குத்தான் முழுசாப் புரிஞ்சுது, இத்தனை நாள் நமக்கு மூளை இல்லைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் என்றார். பேராசிரியர்கூடக் கையைக் குலுக்கிவிட்டுத்தான் போனார்.

திங்கட்கிழமையே அப்பா என்னைக் காது மருத்துவரிடம் இழுத்துப் போனார். இரண்டு காதுக்கும் கருவி பொருத்தியாயிற்று. வீட்டில் இத்தனை சத்தம் இருக்கிறது என்றே எனக்கு மறந்துபோயிருந்தது, குளிர்சாதனப் பெட்டி முனகுகிறது, அப்பா செய்தித்தாளோடு சண்டை போடுகிறார். அடுத்த மாதம் இதய அறுவை மருத்துவர் ஒருவர் வருகிறார், அவர் புத்தகத்தில் பாதி படித்துவிட்டேன்.

கருவி வந்த பிறகுதான் அப்பா இன்னொன்றைச் சொன்னார். இரண்டு மாதம் முன்பு போனில் நீ என்னிடம் வேலையை விட்டுவிட்டேன், மறுபடி படிக்கப் போகிறேன், பயமாக இருக்கிறது என்று சொன்னாயாமே. நான் நல்லது நல்லது, உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லி வைத்துவிட்டேனாம். அம்மாவுக்கு நான் ஒரு பொருட்டே இல்லை என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய், அதற்கப்புறம் அவரிடம் மட்டும்தான் பேசுகிறாய். எனக்குக் கேட்கவில்லையடி. ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லாமல் நல்லது என்று சொன்னேனே, அதுதான் நான் செய்த தப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை போனை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருப்பேன். என்ன படிக்கப் போகிறாய், எது பயம், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல், எவ்வளவு நேரமானாலும் சரி. நீ எடுத்த முடிவு எதுவானாலும் நானும் அப்பாவும் உன் பக்கம்தான். நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாயாமே, அதைத் தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா