வேணி அக்காவின் தொழில்

என் செல்ல வேணி அக்காவுக்கு,

ஜெயிச்சாச்சு அக்கா! இதை உன்னிடம் முதலில் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? வடசென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுநோயை ஆராய அரசு பணம் ஒதுக்கிவிட்டது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள மீனவக் குப்பங்கள், தண்டையார்பேட்டையில் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் தெருக்கள், எல்லா இடத்துக்கும் போகப் போகிறார்கள். எந்தச் சமூகத்துப் பெண்ணுக்கு நோய் எப்போது தெரியவருகிறது? சிலர் மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், ஏன் பிழைப்பதில்லை? உன் கதையைத்தான் அக்கா கேட்கப் போகிறார்கள்.

நேற்று ஆணை வந்தது. காசிமேட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மீன் விற்பாளே கஸ்தூரி அக்கா, அவளிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு மேளம் தட்ட ஆரம்பித்துவிட்டாள். கூறு கட்டி வைத்திருந்த சங்கரா மீனெல்லாம் சிதறியது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை.

இந்தச் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு விஷயம் இருக்கிறது. உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்தது.

நீ மார்பில் கட்டியோடு ஆஸ்பத்திரிக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? பதிவு கவுண்ட்டரில் நான்தான் இருந்தேன். பெயர், வயது, முகவரி எல்லாம் நானே தட்டினேன். சம்பிரதாயத்துக்காக "தொழில்?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டாய். "எனக்கு ஏதுடி தொழிலு? தொழிலுக்குப் போறது உங்க மாமாதான். நான் சும்மா மீன் வித்துகினு கீறேன்."

நம் குப்பத்தில் தொழில் என்றால் கடலுக்குப் போவது. படகு ஏறுகிறவனுக்குத்தான் தொழில் உண்டு. விடியுமுன்னே ஏலத்தில் நின்று, கூடை சுமந்து, நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து விற்கிறவளுக்கு அது சும்மா. அங்கேயே பிறந்த எனக்கு இது தெரியாதா? ஆனால் பக்கத்து நாற்காலியில் என்னோடு வேலை செய்கிற கல்பனா தன் வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்தாள். என் திரையை எட்டிப் பார்த்தால் அக்கா மீன்காரி என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தேன். இல்லத்தரசி என்று தட்டினேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டேன் அக்கா. இப்போது அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. போன வருடம் புற்றுநோய்ப் பிரிவு டாக்டரம்மா இந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதினார். விண்ணப்பம் திரும்பி வந்தது. கவுண்ட்டரில் வந்து நின்று கேட்டார்: "ஏன் சுமதி, நம்ம ஆஸ்பத்திரிக்கு மீன் விக்கிற பொம்பளைங்க யாருமே வர்றதில்லையா? ரெக்கார்டுல ஒருத்தர்கூட இல்லையே. இல்லாதவங்களைப் பத்தி என்ன ஆராய்ச்சின்னு கேக்குறாங்க."

வந்தவர்கள் எத்தனை பேர்! எல்லோரும் உன்னைப் போலவே "தொழில் இல்ல" என்றார்கள், நாங்களும் இல்லத்தரசி என்று தட்டிக்கொண்டே இருந்தோம். வாயைத் திறந்தால் என் ஒப்பந்த வேலை போகலாம். திறக்காவிட்டால் அந்தப் பணம் வரவே வராது, உன்னைப் போல இன்னொருத்தி தாமதமாகத்தான் வந்து நிற்பாள். உன் கோப்பைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினேன். எல்லாவற்றையும் சொன்னேன், கல்பனாவுக்குத் தெரிந்துவிடுமே என்று வெட்கப்பட்டது உட்பட.

டாக்டரம்மா குனிந்து திரையில் இருந்த அந்த வார்த்தையைப் படித்தார். "அந்த வார்த்தையால உங்க அக்கா சாகல சுமதி. ஆனா அவங்க எதனால லேட்டா வந்தாங்கன்னு யாரும் தேடாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம். திருத்தலாமா?" என்றார்.

அப்புறம் நானும் கஸ்தூரி அக்காவும் சாயங்காலங்களில் கிளம்பினோம். சிகிச்சைக்கு வந்துபோன பெண்களை வீடு வீடாகத் தேடினோம். காத்திவாக்கத்தில் ஒரு பெண் எறா உரித்துக்கொண்டே, "தொழிலெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றாள். கஸ்தூரி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அடியே, காலைல எழுந்து இன்னா பண்ணுவ? அத்த சொல்லு!"

"ஆத்துல எறங்கி எறா புடிப்பேன்."

"அப்ப இத்தினி நேரம் இன்னாத்துக்கு இல்ல இல்லன்ன?"

அன்றிலிருந்து நாங்கள் கேட்டது அந்த ஒரே கேள்விதான். காலையில் எழுந்து என்ன செய்வாய்? பதில்கள் மழை மாதிரி கொட்டின. அவர்கள் சம்மதத்தோடு ஒவ்வொரு கோப்பாகத் திருத்தினோம். அந்தப் பதிவுகளை வைத்து டாக்டரம்மா மறுபடியும் நிதி கேட்டு எழுதினார்.

நிதிக் குழு கூப்பிட்டபோது டாக்டரம்மா கஸ்தூரி அக்காவையும் அழைத்துப் போனார், துணைக்கு நானும் போனேன். போகிற வழியெல்லாம் அவளுக்குப் பாடம் சொன்னேன். மறக்காமல் மீன் வியாபாரம் என்று சொல்லணும், தெரிந்ததா? தலையை ஆட்டினாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரு அதிகாரி மரியாதையாகக் கேட்டார்: "நீங்க என்ன தொழில் பண்றீங்கம்மா?"

"எனக்கு ஏது சார் தொழிலு? சும்மா மீன் வித்துகினு கீறேன்."

உன் வார்த்தை அக்கா, எழுத்து பிசகாமல்! சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். டாக்டரம்மா மட்டும் சிரித்தார். "இதைத்தான் சார் சொல்ல வந்தோம்" என்றார். அந்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, "மறுபடியும் சொல்லுங்கம்மா, நாள் பூரா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். நம் கஸ்தூரி அக்காவை நிறுத்த முடியுமா? கட்டி இருந்தும் வியாபாரம் கெடுமே என்று நீ நாள் தள்ளிப்போட்டது வரை சொல்லிவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

இன்று மதியம் அனுமதி வாங்கி உன் கோப்பைத் திறந்தேன். கல்பனா எட்டிப் பார்த்து, "யாரு இது?" என்றாள். "எங்க அக்கா. காசிமேட்டுல மீன் வித்தாங்க" என்று கவுண்ட்டர் வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்ப நல்ல வஞ்சிரம் பாத்து வாங்க உனக்குத் தெரியுமா?" இதற்காகவா இத்தனை வருடம் பயந்தேன்? சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இல்லத்தரசியை அழித்தேன். மீன் வியாபாரம் என்று தட்டினேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன் அக்கா. நான் இந்த நாற்காலியில் இருக்கும்வரை, என் முன்னால் வந்து நிற்கிற எந்தப் பெண்ணும் சும்மா இருப்பவளாகப் பதிவாக மாட்டாள். காலையில் எழுந்து என்ன செய்வாய் என்று கேட்பேன். முழுப் பதிலும் வரும்வரை காத்திருப்பேன்.

இப்படிக்கு,
மீன்காரி வேணியின் தங்கச்சி
சுமதி