ஜெரால்டின் டிஸ்க்

3 ஜூலை, புதன்
கப்பல் ஏஜென்ட் வந்து ஜெரால்டுடைய பையைக் கொடுத்தார். ஷூ, இரண்டு ஜீன்ஸ், ஜெபமாலை, ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க். கையெழுத்துப் போட்டேன். புருஷன் கப்பலில் செத்து இருபத்து மூன்று நாள். நான் கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

தன் அம்மாவுக்கென்று பேசிப் பதிந்து டிஸ்கில் வைத்திருப்பதாகக் கடைசி போனில் சொன்னான். மாமி அதற்குத்தான் காத்திருக்கிறார். "அவன் சத்தம் மறந்துகிட்டு வருதுளா," என்றார்.

5 ஜூலை
டிஸ்க் பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்டு தெரியும், எங்கள் கல்யாணத் தேதி. ஆனால் திறக்கும் கட்டளை டிஸ்குக்குப் போய்ச் சேரவில்லை. என் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள், லினக்ஸ் கெர்னல், நடுவில் மறித்துத் திருப்பி அனுப்புகிறது. பத்து வருடமாக அந்தக் கெர்னலைத் திருத்தித்தான் எனக்குச் சோறு. நல்ல கூத்து.

7 ஜூலை
காரணம் அகப்பட்டது. சில மாடல் டிஸ்குகள் இப்படிப்பட்ட கட்டளை வந்தால் திணறி நின்றுவிடும். அவற்றுக்கு அனுப்பாதே என்று கெர்னலில் ஒரு பட்டியல். இந்த மாடலும் அதில் இருக்கிறது.

8 ஜூலை
பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டுக் கெர்னலை மறுபடி உருவாக்கினேன். ஜெரால்டு எனக்கும் இதே மாடல் வாங்கித் தந்திருந்தான். சோதனை அதில். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஸ்கிரிப்டில் மூன்றே வரி: பூட்டு, திற, அடுத்த சோதனைக்காக முழுவதையும் அழி. பன்னிரண்டு தடவை ஓட்டினேன். பன்னிரண்டும் சரி.

சந்தோஷப்பட்டேனா? இல்லை. ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

9 ஜூலை
அவன் டிஸ்க் ஏற்கெனவே பூட்டியதுதானே என்று முதல் வரியை எடுத்தேன். கடைசி வரியை எடுக்கவில்லை.

திறந்தது. அழிந்தது. இரண்டும் சேர்ந்து மூன்று நொடி.

மாமி பக்கத்து நாற்காலியில். "ஏளா, பேசுதானா?"

"இல்ல மாமி. அழிஞ்சிட்டு. நான்தான் அழிச்சேன்."

திரும்ப எடுத்துவிடலாமே என்று கேட்டார். முடியாது. அந்தக் கட்டளை எதையும் மிச்சம் வைக்காது, எனக்குத் தெரியும் — தெரிந்தவள்தானே ஓட்டினேன் — ஏன் பார்க்கல? ஒரு வரி. ஒரே ஒரு வரிய ஏன் பார்க்கல?

10 ஜூலை
முப்பதாம் நாள் பூசை. மாமி வேறு பெஞ்சில் உட்கார்ந்தார்.

29 ஜூலை, திங்கள்
நான் அனுப்பிய திருத்தத்தைக் கெர்னலில் சேர்த்துக்கொள்கிறார்களாம். இனி இந்த மாடல் வைத்திருக்கிற யாருக்கும் கட்டளை போய்ச் சேரும். கெர்னல் பொறுப்பாளர் ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: எத்தனை டிஸ்கில் சோதித்தீர்கள்?

இரண்டு என்று எழுதினேன். இரண்டிலும் சரியாக வேலை செய்தது.